வெர்னா தைத்த இருபத்தாறாவது பெயர்

வெர்னா ஹாவ்ரிலுக் யாரையும் சட்டென்று நம்பிவிடுகிறவள் அல்ல. கடையில் முட்டை வாங்கினால் பெட்டியைத் திறந்து பன்னிரண்டையும் உருட்டிப் பார்ப்பாள். வானொலிக்காரன் வெளியே கடுங்குளிர் என்று சொன்னால், கதவைத் திறந்து மூக்கை நீட்டிப் பார்த்த பிறகுதான் கனத்த கோட்டை எடுப்பாள். பாதிரியார் பிரசங்கத்தில் ஒரு வசனம் சொன்னால் வீட்டுக்கு வந்து புத்தகத்தில் சரிபார்ப்பாள். ஒருமுறை அவர் வசன எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார் என்பதை அடுத்த வாரம் அவரிடமே போய்ச் சொல்லியும் வந்தாள். அவள் ஊரான மிர்னா கிரீக்கில் அவளுக்கு வெட்டிக் கொடுக்கிற இறைச்சிக்கடைக்காரர் தராசை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் கத்தியையே தொடுவார்.

அப்படிப்பட்டவள் நாற்பத்தோரு வருஷமாக ஒரே ஓர் ஆளை மட்டும் உருட்டிப் பார்க்காமல் வைத்திருந்தாள். அது அவள் புருஷன் ஓரெஸ்ட்.

ஆறு பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவள் வெர்னா. அப்பாவின் கோதுமைச் சாக்குகளுக்கு ஒட்டுப் போட்டுத் தையல் பழகினாள். பிறகு தேவாலயத்து நடனக் குழந்தைகளுக்குப் பூவேலைச் சட்டைகள், பிறகு ஊர் ஹாக்கிப் பையன்களுக்கு ஜெர்சியில் பெயர் என்று கை ஏறிக்கொண்டே வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் டிசம்பரில், தேசிய ஜூனியர் பனி ஹாக்கி அணி பக்கத்து ஊரில் முகாம் போட்டிருந்தபோது, ஜெர்சிக் கடையின் தையல் எந்திரம் உடைந்துபோனது. யாரோ வெர்னாவின் பெயரைச் சொன்னார்கள். இருபத்தைந்து பெயர்களை ஏழு மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தாள். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அன்றிலிருந்து அந்த வேலை அவளுடையது.

வேலை இதுதான். முகாம் முடிந்து அணியைத் தேர்ந்தெடுத்தவுடன், வியாழக்கிழமை விடிகாலையில் ஜெர்சிக் கடையிலிருந்து பட்டியல் வரும். ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாக வெட்டி நீளத் துணிப்பட்டையில் தைத்து, பிற்பகல் வண்டியில் அனுப்பிவிட வேண்டும். மறுநாள் நண்பகலில்தான் நாட்டுக்கே அணி தெரியும். அதுவரை அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் தேர்வாளர்களும், ஜெர்சிக் கடைக்காரர்களும், தன் நிலவறையில் உட்கார்ந்திருக்கிற வெர்னாவும்தான். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தத் தாளை ரொட்டிப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தாள், தனக்கு ஞாபகப்படுத்த அல்ல, வீட்டில் இருக்கிற இன்னொருவருக்கு.

அவளுக்கு ஆட்டத்தைப் பற்றிப் பெரிதாக எதுவும் தெரியாது. பையன்களை எழுத்துக் கணக்கில்தான் அறிவாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் போட்டி தொடங்கி, நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பந்துக்குப் பதிலான அந்தக் கறுப்பு வில்லையைத் துரத்திக்கொண்டிருக்கும்போது, வெர்னா மட்டும் பையன்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எவனாவது கோல் போட்டுக் கையைத் தூக்கினால் தோளில் துணி சுருங்குகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். சுருங்காவிட்டால் அவளுக்கு வெற்றி. ஸ்கோரை ஓரெஸ்ட் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள். வாழ்க்கையில் தனக்கென்று அவள் பெருமைப்பட்டது இந்த ஒன்றைத்தான், இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதும் இல்லை.

ஓரெஸ்டுக்கு ஆட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. தானியக் கிடங்கில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குளிர்காலம் முழுக்க எங்கெங்கோ நடக்கிற ஜூனியர் ஆட்டங்களை வானொலியில் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருப்பான். ஊர் ஸ்கேட்டிங் அரங்கத்துச் சிற்றுண்டிக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. தேசிய அணியில் இடம்பெறப் போகிற இருபத்தைந்து பேரை ஊகித்து எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் கடைக்காரி மேவிஸின் பழைய காப்பித்தூள் டப்பாவில் போட வேண்டும். அதிகம் சரியாகச் சொன்னவருக்குத் தங்க வண்ணம் பூசிய ஓர் இடதுகால் ஸ்கேட் காலணி. அதன் ஜோடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக வருகிறவர் ஜனவரி ஏழாம் தேதி வருகிற உக்ரைனியக் கிறிஸ்துமஸ் வரைக்கும் தேவாலய மண்டபத்துப் படிகளில் பனி வார வேண்டும்.

எல்லாரும் பதினெட்டு, பத்தொன்பது என்றுதான் சரியாகச் சொல்வார்கள். எப்போதோ ஒருவர் இருபத்திரண்டு சொன்னது சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. போன டிசம்பரில் ஓரெஸ்ட் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து சொன்னான்.

மேவிஸ் கடைசிப் பெயரைப் படித்தபோது கடையில் யாரும் கை தட்டவில்லை. அந்தக் கடைசிப் பெயர்தான் வில்லங்கம். வெரோனோ என்ற கியூபெக் பையன், கோல் காக்கிறவர்களில் மூன்றாமவன், மூன்றாவது கோலி. எந்தப் பத்திரிகையும் அவனைச் சொல்லவில்லை. டிராக்டர் விற்கிற டால்ட்டன் ஃப்ரீஸன் உருளைக்கிழங்கு வறுவலைக் குழம்பில் தோய்த்தபடியே கேட்டான்.

"ஓரெஸ்ட், உன் மூளை எப்ப இவ்வளவு வேலை செய்ய ஆரம்பிச்சுது? இல்ல, வீட்டுக்குக் கீழ ஏதாவது புது மூளை வச்சிருக்கியா?"

"முப்பது வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்யா. ஒரு வருஷம் சரியா வராதா?"

"வரும் வரும். தையல் மெஷின் சத்தம் நல்லாக் கேட்டா எல்லாம் சரியா வரும்."

இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் ஒருத்தி வெர்னாவிடம் அப்படியே ஒப்பித்தாள். வெர்னாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. அந்தக் கோபத்தில் ஊர்க்காரர்களைத்தான் சபித்தாள், புருஷனை அல்ல. அன்று மாலை அவனுக்குப் பிடித்த பெரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் பொரித்து வைத்து, "அந்த டால்ட்டன் ஒரு வயித்தெரிச்சல் புடிச்சவன்" என்றும் சொன்னாள். ஓரெஸ்ட் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

ஜனவரியில் காலுறை மடிக்கும்போதுதான் அது அகப்பட்டது. வெரோனோ என்று எழுதும்போது ஓர் எழுத்தின் தலையில் சாய்வாக ஒரு கீற்று வரும். பிரெஞ்சுப் பெயர்களின் தொல்லை அது. அன்று வெட்டி வைத்த கீற்று காணாமல் போய், வெர்னா வேறொன்று வெட்டித் தைத்திருந்தாள். நகத்தளவு சிவப்புத் துணி. காணாமல் போனது இப்போது ஓரெஸ்டின் கம்பளிக் காலுறைக்குள் சிக்கியிருந்தது.

அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தன் பாவாடையில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து சமையலறைத் தரையில் விழுந்திருக்கலாம். துவைக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியிருக்கலாம். அல்லது, கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து தையலறைக்குள் காலே வைத்ததில்லை என்று சத்தியம் செய்கிற ஒரு மனிதன் காலை வைத்திருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. கீற்றை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு ஊசிப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு வெர்னா புருஷனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கத் தொடங்கினாள். அவன் நிலவறைப் படியில் இறங்கினால் எத்தனை படி என்று எண்ணினாள். தண்ணீர் சூடாக்கும் அடுப்பு இடப்பக்கம், தையலறை வலப்பக்கம். காலடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காதைத் தீட்டினாள். "என்ன வெர்னா, இப்பல்லாம் என்னை இப்படிப் பாக்குற? மறுபடியும் காதலா?" என்று அவன் கேட்டான். "முடி வெட்டிக்கோ, அதத்தான் பாத்தேன்" என்றாள்.

நவம்பரில் ஜெர்சிக் கடையிலிருந்து ஜானிஸ் கூப்பிட்டாள். பதினோரு வருஷப் பழக்கத்தில் எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவள், அன்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க வெர்னா. உங்க ஊர்லேர்ந்து யாரோ ஏதோ பேசியிருக்காங்க. போன வருஷம் உங்க வீட்டுக்காரர்…"

"யாரு பேசினது?"

"யாருன்னு எனக்கும் தெரியாது. ஆனா இந்த வருஷமும் அதே மாதிரி ஆச்சுன்னா, வேலையை நகரத்துக்கே மாத்திடச் சொல்லி மேல இருக்கறவங்க சொல்றாங்க. எனக்குச் சொல்லவே சங்கடமா இருக்கு."

வெர்னா தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறையில் அப்படியே நின்றாள். முதல் சந்தேகம் டால்ட்டன் மேல். இரண்டாவது மேவிஸ் மேல். மூன்றாவதாகத் தேவாலயத்துக் கூட்டத்தில் தன்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்திய மூன்று பெண்கள் மேல். ஆனால் இவர்கள் எல்லாரையும்விடப் பெரிய சந்தேகம் வரவேற்பறையில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தது. ஜானிஸ் கூப்பிட்டதை அவனிடம் அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அவன் உஷாராகிவிடுவான், உண்மை ஒருநாளும் தெரியாது.

அவள் பொறி வைத்தாள்.

முகாமுக்கு அழைக்கப்பட்ட முப்பத்துநாலு பையன்களின் பெயரையும் ஓரெஸ்ட் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருந்தான். வியாழக்கிழமை விடிகாலை பட்டியல் வந்ததும் வெர்னா இருபத்தைந்து பெயர்களையும் தைத்தாள். பிறகு இருபத்தாறாவதாக ஒன்று. அணியில் இடம் கிடைக்காத பையன்களில் ஒருவனைத் தேர்ந்தெடுத்தாள். ரெடிகாப். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. ஏன் அவன் என்றால், அவன் பெயருக்குத் தேவையான எழுத்துகள் முந்திய வருஷங்களில் வெட்டி மிஞ்சியவற்றிலேயே இருந்தன. வேறு காரணம் எதுவும் இல்லை. அந்தப் பட்டையை மேசை மேல் எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைத் திறந்தவுடன் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள்.

அவள் கணக்கு எளிமையானது. ஓரெஸ்டின் உறைக்குள் ரெடிகாப் இருந்தால் அவன் எட்டிப் பார்த்தவன். இல்லாவிட்டால், பதினோரு மாதமாகத் தான் ஒரு நல்ல மனுஷனைத் திருடனாக வைத்துப் பார்த்தவள். இரண்டில் எது வந்தாலும் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு மேலே வந்து கோட்டை மாட்டினாள். "வெள்ளை நூல் தீந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்" என்றாள்.

"வேணும்னா நான் போயிட்டு வரேனே?" என்றான் ஓரெஸ்ட்.

"நீ வாங்கினா கயிறு வாங்கிட்டு வருவ."

முக்கால் மணி நேரம் வேண்டுமென்றே கடையில் நின்றாள். திரும்பி வந்து பார்த்தபோது பட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்து ஊசிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மீதி இருபத்தைந்தையும் மடித்து வண்டிக்கு அனுப்பினாள். மத்தியானச் சாப்பாட்டில் ஓரெஸ்ட் கடுகுச் சாந்தை இரண்டு முறை கேட்டான். ஒருமுறை கேட்பது அவன் வழக்கம். சாப்பாடு முடிந்ததும் மேசையிலேயே தாளை வைத்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதினான். மற்ற வருஷங்களில் பத்து நிமிஷத்தில் முடிக்கிறவன், இந்த வருஷம் நாலரை மணி வரைக்கும் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தான். வெர்னா பாத்திரம் கழுவுகிற சாக்கில் கண்ணாடி ஜன்னலில் அவன் நிழலைப் பார்த்தாள். அவன் தோள் தொய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை நண்பகல் அணி அறிவிக்கப்பட்டதும் உறைகளைப் பிரிக்கச் சிற்றுண்டிக்கடையில் கூட்டம் சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் வெர்னா அங்கே வந்ததே இல்லை. அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு சட்டென்று அடங்கியது. டால்ட்டன் தன் நாற்காலியை இழுத்துக் கொடுத்தான். அந்த மரியாதையிலும் ஏதோ இருக்கிறது என்று நினைத்து அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

டால்ட்டனுக்கு இருபத்தொன்று சரி. மற்றவர்களுக்குப் பதினேழு, பதினெட்டு. ஓரெஸ்டின் உறையைக் கடைசியாக வைத்திருந்தாள் மேவிஸ். பிரித்தாள். ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு ஒருவன் கனைத்தான். ஆறாவது பெயர் தப்பு, ஏழாவது தப்பு, ஒன்பதாவது தப்பு. இருபதுக்கு மேல் வந்ததும் மேவிஸ் தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ரெடிகாப்பா? ஓரெஸ்ட், ரெடிகாப்புன்னா எழுதியிருக்க?"

வெர்னா ஓரெஸ்டைப் பார்த்தாள். அகப்பட்டுவிட்டான். கையும் களவுமாக, ஊர் நடுவில்.

ஆனால் கடை முழுக்க வெடித்தது சிரிப்பு.

"அடப்பாவி! அவனுக்குச் செவ்வாய்க்கிழமையே கணுக்கால் ஒடிஞ்சுபோச்சுய்யா!" டால்ட்டன் மேசையைத் தட்டினான். "கட்டுப் போட்டு, ஊன்றுகோல் குடுத்து வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. வானொலி, பேப்பர் எல்லாத்துலயும் வந்துச்சே!"

"எனக்கு எங்க காது கேக்குது" என்றான் ஓரெஸ்ட், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு.

"பதிமூணு!" மேவிஸ் கூட்டிச் சொன்னாள். "கடைசி இடம். பனி வாரற மண்வெட்டி பின்னாடி இருக்கு, எடுத்துக்கோ ராசா."

டால்ட்டன் எழுந்து வெர்னாவிடம் வந்தான். அவன் முகம் உண்மையிலேயே சிவந்திருந்தது.

"வெர்னா, நான் போன வருஷம் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். உன் தையலறையை எட்டிப் பாக்குறவன் ஒருத்தன் இப்படி எழுதுவானா? இது குருட்டு அதிர்ஷ்டம். போன வருஷம் அடிச்சுது, இந்த வருஷம் கவுத்துருச்சு. யாராவது இனிமே உன்னைப் பத்திப் பேசினா நான் பல்லைத் தட்டறேன்."

சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு வருஷச் சந்தேகம் அந்தக் கடையில் ஒரே பெயரில் கரைந்துபோனது. வெர்னாவின் வேலை பிழைத்தது. அவளோ மேவிஸின் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் ஒடிந்துபோன ஒரு பையனை இந்த நாட்டில் யாரும் அணியில் சேர்த்து எழுதமாட்டார்கள். அவன் பெயர் சேர்க்கப்பட்டிருந்தது ஒரே ஓர் இடத்தில்தான், அவள் மேசையில்.

வீட்டுக்கு வண்டியை ஓரெஸ்ட் ஓட்டினான். தண்டவாளத்தைத் தாண்டியதும் வெர்னா கேட்டாள்.

"எப்ப உள்ள போன?"

"நீ நூல் வாங்கப் போனியே, அப்ப."

"எதுக்கு?"

"போன வருஷம் எதுக்குப் போனேனோ, அதுக்குத்தான்."

அவள் வெளியே பனியைப் பார்த்தாள். "போன வருஷம் எத்தனை பேரு பாத்த?"

"ஒண்ணு. மூணாவது கோலி மட்டும். எவ்வளவு யோசிச்சும் அந்த ஒரு இடம் எனக்குப் பிடிபடல. மீதி இருபத்திநாலும் என் சொந்த மூளை வெர்னா. சத்தியமா."

"அந்த ஒண்ணுக்கு என் கையெழுத்தைக் குப்பையில போட்டுட்ட."

"ஆமா."

"இந்த வருஷம் வேலையே போயிருக்கும். ஜானிஸ் கூப்பிட்டுச் சொல்லிட்டா. தெரியுமா உனக்கு?"

அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். தெரியாது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. வெர்னா அந்த முகத்தையும் ஒரு கணம் சந்தேகித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

"ரெடிகாப்புக்குக் கால் ஒடிஞ்சது எனக்குத் தெரியாது" என்றாள்.

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கதவைத் திறந்ததுமே புரிஞ்சுது. வீட்டுக்கு அனுப்பிட்ட பையன் பேரை எவன் பட்டியல்ல அனுப்புவான்? அது எனக்காகத் தைச்சது. வேற ஒரு பேரையும் நான் பாக்கல. அப்படியே சாத்திட்டு மேல வந்துட்டேன்."

"மத்த தப்பெல்லாம்?"

"ஊர் வாயை அடைக்க வேண்டாமா? தெரிஞ்ச பையனுங்க பேரை அடிச்சிட்டுத் தப்பா எழுதுறதுக்குள்ள உயிர் போயிருச்சு."

"சரி. ரெடிகாப் பொறின்னு தெரிஞ்சுதில்ல? அவனை மட்டும் விட்டிருக்கலாமே. விட்டிருந்தா எனக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது."

ஓரெஸ்ட் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னான். "விட்டிருந்தா நீ என்னை நல்லவன்னு நெனச்சிருப்ப. மன்னிப்புகூடக் கேட்டிருப்ப. அதைக் கேட்டுக்கிட்டு உன் எதிர்ல உக்காந்து எப்படி நான் சூப் குடிக்கிறது?"

வெர்னாவுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல், "வண்டிய எடு, குளிருது" என்றாள்.

அன்று சாயங்காலம் நிலவறையிலிருந்து எந்திரச் சத்தம் கேட்டது. ஓரெஸ்ட் படியருகே வந்து, பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

சனிக்கிழமை காலை பனி வாரக் கிளம்பியபோது அவன் கோட்டு கொக்கியில் முதுகைக் காட்டித் தொங்கியது. தோளுக்குத் தோள், சிவப்பு எழுத்தில், ரெடிகாப்.

தேவாலயப் படிகளில் அதை மாட்டிக்கொண்டு அவன் பனி வாரியதை ஊரே பார்த்துச் சிரித்தது. டால்ட்டன் வண்டியின் ஒலிப்பானை நீளமாக அடித்து, "கணுக்கால் எப்படி இருக்கு ரெடிகாப்பு?" என்று கத்தினான். ஓரெஸ்டும் நொண்டிக் காட்டினான். தோற்றுப்போன புருஷனைப் பெண்டாட்டி கிண்டல் செய்கிறாள் என்று எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி. வெர்னா காப்பிக் குடுவையோடு வந்து படிக்குக் கீழே நின்றாள். அவன் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டான்.

"எப்ப பிரிச்சுக்கலாம் இத?"

அவள் அவன் பின்னால் போய், கையுறையைக் கழற்றி, பட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கும் சுருங்கவில்லை. நான்கு பக்கமும் இரட்டைத் தையல் போட்டிருந்தாள்.

"கையத் தூக்கு, தோள் பக்கம் பாக்கணும்" என்றாள். அவன் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினான்.